கோர்ட் தீர்ப்பை சட்டசபை மாத்தலாமா? காளைக்கு முடிஞ்சது காவேரிக்கு ஏன் முடியல?

கொறங்காட்டான், காங்கேயம் பக்கம்:

வணக்கமுங்க. கேள்வி கொஞ்சம் நீளம், சட்டம் தெரிஞ்சவங்க யாராச்சும் பொறுமையாப் படிச்சுட்டு சொல்லுங்க.

என்ற பொண்ணு பிளஸ் ஒன் படிக்கறா, அரசியல் அறிவியல் எடுத்திருக்கறா. முந்தாநாள் ராத்திரி திண்ணையில உக்காந்து சத்தமாப் படிச்சுட்டு இருந்தா, சட்டமன்றம் சட்டம் போடும், அரசாங்கம் அதை நடத்தும், நீதிமன்றம் அதுக்கு விளக்கம் சொல்லும், ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் கை வெக்கக் கூடாது, இதை 1748லயே மாண்டெஸ்கியூன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வெச்சாருன்னு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்த எங்கப்பா கேட்டுட்டே நின்னாரு. "அப்பறம் எப்படி கண்ணு நம்ம காளைய கோர்ட்டு ரெண்டரை வருசம் கட்டுத்தறியிலயே நிறுத்துச்சு, பொறவு சட்டசபை எப்படி அவுத்து உட்டுச்சு"ன்னு கேட்டாரு. புள்ளைக்குப் பதில் தெரியல. எனக்கும் தெரியல.

எங்களுக்கு இது வெறும் பாடம் இல்லீங்க. மூணு தலைமுறையா காங்கேயம் மாடுதான், கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நெலத்துல, கொழுக்கட்டைப் புல்லு மேஞ்சு, கிளுவ முள்ளு வேலிக்குள்ள வளந்ததுங்க. 2014 மே 7ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேத்து நிறுத்துச்சு, அதோட இந்தப் பக்கம் ரேக்ளாவும் போச்சு. 200 மீட்டர் ஓடறதுக்குன்னே பழக்கின மயிலை ஒரு ஜோடி எங்ககிட்ட இருந்துச்சு, பந்தயமே இல்லாம எத்தன நாளைக்குத்தான் தீனி போடறது, அடுத்த வருசம் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்துட்டோம். கவுறு மாத்திக் குடுக்கும்போது எங்கப்பா மாட்டு மூஞ்சியப் பாக்கவே இல்ல. அந்தப் பழைய கவுறு இன்னும் ஆசாரத்துல ஆணியில தொங்குது.

2017 சனவரியில ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காக கோவை வ.உ.சி மைதானத்துல பசங்களோட பசங்களா நானும் ரெண்டு ராத்திரி உக்காந்திருந்தேன். 21ந் தேதி அவசரச் சட்டம் வந்துச்சு, 23ந் தேதி சட்டசபையில மசோதா நிறைவேறுச்சு. மனசு நெறஞ்சு போச்சு. ஆனா இப்ப யோசிச்சா ஒன்னு இடிக்குது. 1991ல காவேரியில கர்நாடகா இதே மாதிரி அவசரச் சட்டம் போட்டப்ப சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிருச்சு. 2013ல கோவையில இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் 7 மாவட்டத்துல தோட்டங்காட்டு வழியா வந்த எரிவாயுக் குழாயை ரோட்டோரமாக் கொண்டு போகச் சொல்லி நம்ம அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு, அதையும் கோர்ட் ரத்து பண்ணிருச்சு. காளைக்கு ஒரு நாயம், தண்ணிக்கும் தோட்டத்துக்கும் ஒரு நாயமா? கடைசியா யாரு பெரியவங்க, கோர்ட்டா சட்டசபையா? புள்ளைக்கு என்னன்னு சொல்றது?

கூடுதுறை வக்கீல், பவானி:

அண்ணா, அப்பா கேட்டது எங்க காலேஜ்ல ஒரு முழு செமஸ்டருக்கு ஓட்டின கேள்வி. நான் ஈரோட்டுல பிராக்டிஸ் பண்றேன், காவேரியும் பவானியும் சேர்ற எடத்துல பொறந்தவ, அதனால காவேரியில இருந்தே ஆரம்பிக்கறேன்.

ரெண்டு பங்காளிக்கு ஒரே கிணறு, தண்ணி முறை வெச்சு எறைக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. தகராறு வந்து கோர்ட்டுக்குப் போயி, இவருக்கு இத்தன நாள் அவருக்கு இத்தன நாள்னு உத்தரவு வாங்கியாச்சு. அதுல ஒரு பங்காளி பஞ்சாயத்து தலைவர் ஆயிடறாரு. ஆன கையோட, "அந்த உத்தரவு என்னைய கட்டுப்படுத்தாது"ன்னு ஒரு தீர்மானம் போடறாரு. ஒத்துக்குவீங்களா? 1991ல கர்நாடகா பண்ணது அதேதான். காவேரி நடுவர் மன்றம் ஜூன் 25ந் தேதி, வருசத்துக்கு 205 டிஎம்சி மேட்டூருக்கு வர்ற மாதிரி விடணும்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. சரியா ஒரு மாசத்துல, ஜூலை 25ந் தேதி, கர்நாடகா அவசரச் சட்டம் போட்டு அதைக் கெடப்புல போடப் பாத்துச்சு. குடியரசுத் தலைவர் அரசியல் சட்டத்தோட 143வது பிரிவுல சுப்ரீம் கோர்ட் கிட்ட கருத்து கேட்டாரு. நவம்பர் 22ந் தேதி கோர்ட் சொன்னது: வழக்குல ஒரு கட்சியா நிக்கறவரே அவரோட வழக்குக்கு நீதிபதி ஆக முடியாது, ரெண்டு தரப்புக்கு நடுவுல குடுத்த தீர்ப்பை ஒரு சட்டம் போட்டு நேரா அழிக்க சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்ல, மாநிலத்தைத் தாண்டி ஓடற ஆத்துத் தண்ணிய ஒரு மாநிலம் மட்டும் சட்டம் போட்டு எடுத்துக்கவும் முடியாது.

இப்ப காளைக்கு வாங்க. 2014 தீர்ப்புக்கு எது அடிப்படை? 1960ல பார்லிமெண்ட் போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம். தமிழ்நாடு 2009ல கொண்டு வந்த ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் அந்த மத்திய சட்டத்தோட மோதுதுன்னு சொல்லித்தான் அடிச்சாங்க. 2017ல சட்டசபை "தீர்ப்பு செல்லாது"ன்னு சொல்லல. மிருகவதைத் தடுப்பு, மத்தியும் மாநிலமும் ரெண்டும் சட்டம் போடலாம்ங்கற பொதுப்பட்டியல்ல இருக்கற விசயம், அதனால அந்த 1960 சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்துச்சு, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்குச்சு. எந்தச் சட்டத்து மேல தீர்ப்பு நின்னுதோ அந்த அஸ்திவாரமே மாறிப் போச்சு. 2023 மே 18ந் தேதி அஞ்சு நீதிபதி அமர்வு இது செல்லும்னு சொல்லிருச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் ஒன்னு இருக்கு. 2014ல கோர்ட் இது பண்பாடு இல்லைங்கற மாதிரி பேசுச்சு. 2023ல, ஒரு விளையாட்டு ஒரு ஜனத்தோட பண்பாடா இல்லையான்னு முடிவு பண்றது சட்டமன்றத்தோட வேலை, சட்டமன்றம் ஆமான்னு சொல்லிருக்கு, நாங்க அதுல குறுக்க வரலைன்னு ஒதுங்கிருச்சு. உங்க பொண்ணு படிச்ச பாடம் அந்த எடத்துல உசுரோட இருக்குது.

குழாய் விவகாரம் வேற சங்கதி அண்ணா, போட்டுக் குழப்பிக்காதீங்க. 2013ல வந்தது சட்டமே இல்ல, அரசாங்கம் போட்ட உத்தரவு. குழாய்க்கு நிலத்தை உபயோகிக்கற உரிமை எடுக்கறது 1962ல பார்லிமெண்ட் போட்ட சட்டத்துல வருது. மத்திய சட்டப்படி நடக்கற வேலையை மாநில நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டு நிறுத்த முடியாதுன்னு ஹைகோர்ட் சொல்லுச்சு, 2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளிருச்சு. இது டில்லிக்கும் சென்னைக்கும் நடுவுல அதிகாரத்தைப் பங்கு போடறது. பாடத்துல வர்றது ஒரே அரசாங்கத்துக்குள்ள மூணு கையும் எப்படி இருக்கணுங்கறது. விவசாயி பக்கம் நாயம் இருந்துச்சான்னு கேட்டா இருந்துச்சுன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா அந்த நாயத்தை எடுத்துட்டுப் போன வாசல் தப்பு.

இன்னொன்னும் பொண்ணுகிட்ட சொல்லுங்க. நம்ம நாட்டுல மூணும் மூணு தனி வீடு இல்ல, ஒரே தொட்டிக்கட்டு வீட்டுல மூணு அறை மாதிரி. மந்திரியா இருக்கறவரு ஆறு மாசத்துக்குள்ள எம்எல்ஏ ஆகணும், இல்லாட்டி பதவி போயிரும், அப்ப நிர்வாகம் சட்டசபைக்குள்ளயேதான் உக்காந்திருக்கு. அமெரிக்காவுல அப்படி இல்ல. சபையில இருக்கற எல்லாரையும் மந்திரி ஆக்கிட்டா அப்பறம் கேள்வி கேக்க ஆளே இருக்காதுன்னுதான் 2003ல 15 சதவீதம்னு கட்டு போட்டாங்க, நம்ம 234க்கு முதலமைச்சரையும் சேத்து 35 பேரு. சபைக்குள்ள நடக்கற நடவடிக்கையை முறைதவறுன்னு சொல்லி கோர்ட் கேள்வி கேக்கக் கூடாதுன்னு 212வது பிரிவு, நீதிபதி வேலையில நடந்துக்கறதைப் பத்தி சபையில விவாதிக்கக் கூடாதுன்னு 211. நடுவுல கதவு இருக்கு, தாப்பாளும் இருக்கு.

நொய்யல் கரை, ஒரத்துப்பாளையம் பக்கம்:

அக்கா சொன்னதெல்லாம் சரிதானுங்க, ஆனா ஒருத்தர் வேலையில ஒருத்தர் கை வெக்கக் கூடாதுங்கறத என்னால அப்படியே ஒத்துக்க முடியல. எங்க கதையக் கேளுங்க.

எங்க காட்டுக்கு மேக்கால இருந்து வர்ற தண்ணி ஒரு நாள் நீலமா வரும், ஒரு நாள் செவப்பா வரும், திருப்பூர்ல அன்னைக்கு என்ன கலர் துணின்னு எங்க வாய்க்காலைப் பாத்தே சொல்லிரலாம். கிணத்துத் தண்ணிய எருமை மோந்து பாத்துட்டு தலையத் திருப்பிக்கும். மாடு செனை நிக்கல, தென்னைமரம் குரும்பை உட்டுது. தண்ணி மாசுத் தடுப்புச் சட்டம் 1974லயே வந்துருச்சுங்க, சட்டமன்றத்து வேலை முடிஞ்சுது. நடத்த வேண்டிய ஆபீசுக்கு எங்கப்பன் நடந்த நடைக்கு ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சுது, மனு நம்பர் எழுதின காகிதம் ஒரு டிரங்குப் பொட்டி நெறைய இருக்குது. ஒன்னும் நடக்கல.

கடைசியா நொய்யல் ஆயக்கட்டுக்காரங்க சேந்து ஹைகோர்ட் போனதுக்கு அப்பறம்தான் அசைஞ்சுது. 2006 டிசம்பர் 22ல, வெளிய உடற சாயத்தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசா கட்டு, மாசம் போகப் போக 8, 10ன்னு உத்தரவு. 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அழுக்குப் பண்றவந்தான் செலவு ஏத்துக்கணும்னுச்சு. அதுக்கும் கேக்காததால 2011 சனவரி 28ந் தேதி சாயப்பட்டறை மொத்தத்தையும் மூடு, கரண்டை வெட்டுன்னு ஹைகோர்ட் சொல்லுச்சு. ஒரு சொட்டு வெளிய வராம சுத்திகரிச்சாத்தான் தொறக்கலாம்னுட்டாங்க. நிர்வாகம் செய்யாததைக் கோர்ட் செஞ்சதனாலதான் எங்களுக்கு இந்த மட்டுக்காவது விடிஞ்சுது. அது அத்துமீறல்னா அந்த அத்துமீறலைக் கும்படறவன் நான்.

டையிங் மாஸ்டர், திருப்பூர்:

நொய்யல் கரைக்காரர் சொல்றதுல ஒரு பொய்யும் இல்ல, எங்க தொழில் பண்ணது பாவம்தான், அதை மறைக்கல. ஆனா அந்த 2011ல நான் ஒரு சாயப்பட்டறையில வேலைக்கு இருந்தேன், காலைல போனா கேட்டுல பூட்டு. மதுரைப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வந்திருந்த பசங்க வாடகை குடுக்க முடியாம பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னதைக் கண்ணால பாத்தேன். கோர்ட்டுக்கு முன்னாடி இருந்தது விவசாயி, பட்டறை ஓனர், அதிகாரி. எங்க ஆளு அந்த ஹால்ல யாரு இருந்தா?

எங்கூருக்கு எத்தன பட்டறை தாங்கும், சுத்திகரிப்புக்குப் பணம் யாரு போடறது, மூடற மாசத்துல கூலிக்காரன் எதைத் திங்கறது, இதெல்லாம் சேத்து வெச்சு எடை போடற எடம் சட்டசபையும் அரசாங்கமும்தான். லிட்டருக்கு 6 பைசாவா 10 பைசாவான்னு கணக்குப் போடறது நீதிபதி வேலையாங்க? பின்னாடி அரசாங்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு, உப்பைப் பிரிச்செடுத்து தண்ணியத் திரும்ப உபயோகிக்கற முறை வந்துச்சு, இன்னைக்கு ஓடுது. அதைப் பத்து வருசம் முன்னாடியே பண்ணியிருந்தா அவங்க கிணறும் கெட்டிருக்காது, எங்க கேட்டுலயும் பூட்டு விழுந்திருக்காது.

கூடுதுறை வக்கீல், பவானி:

ரெண்டு பேரு சொல்றதையும் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். 226வது பிரிவுல ஹைகோர்ட் ஒரு அதிகாரியப் பாத்து "சட்டம் உனக்குக் குடுத்த வேலையச் செய்"னு சொல்றது அத்துமீறலே இல்ல, அது கோர்ட்டோட சொந்த வேலை. மூடச் சொன்னது அந்த வகை, 1974 சட்டத்துலயே அந்த அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இருக்கு. பைசா நிர்ணயம் பண்ணது வரப்பு மேல நடக்கற மாதிரி, நான் நீதிபதியா இருந்தா அந்த எடத்துல அரசாங்கத்தைக் கூப்பிட்டு நீயே ரேட் போட்டுக் கொண்டான்னு கெடு வெச்சிருப்பேன். ஆனா பல வருசம் கெடு வெச்சும் அசையலைங்கற கோவம் அந்த உத்தரவுல தெரியுது, அதையும் தப்பு சொல்ல எனக்கு வாய் வரல.

கோர்ட்டும் வரப்பைத் தாண்டினா திரும்ப வந்து நிக்கும், இப்ப சமீபத்துல பாத்தோமே. நம்ம சட்டசபை அனுப்பின 10 மசோதாவைக் கவர்னர் நிறுத்தி வெச்ச வழக்குல 2025 ஏப்ரல் 8ந் தேதி ரெண்டு நீதிபதிங்க, ஒப்புதல் குடுத்ததா எடுத்துக்கலாம்னு சொல்லி, இனிமேல் இத்தன மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும்னு காலக்கெடுவும் வெச்சாங்க. குடியரசுத் தலைவர் அதே 143ல கேள்வி அனுப்பினாரு. நவம்பர் 20ந் தேதி அஞ்சு நீதிபதிங்க, அரசியல் சட்டத்துல இல்லாத காலக்கெடுவைக் கோர்ட் வெக்க முடியாது, ஒப்புதல் வந்ததா பாவிக்கவும் முடியாது, காரணமே சொல்லாம ரொம்ப நாள் இழுத்தடிச்சா மட்டும் முடிவெடுன்னு சொல்லலாம்னு கருத்து சொன்னாங்க. தமிழ்நாட்டுக்காரியா எனக்கு அது கசப்புதான். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின சபையோட மசோதா வருசக்கணக்கா ஒரு மேசையில தூங்கறது எனக்குப் பொறுக்கல. ஆனாலும் அந்தக் கருத்துக்கு அடியில இருக்கற யோசனை 1991ல நமக்குக் காவேரியக் காப்பாத்திக் குடுத்த அதே யோசனை.

ஓய்வு வருவாய்த்துறை, தாராபுரம்:

நான் 31 வருடம் வருவாய்த்துறையில் இருந்தவன். எல்லாரும் சுப்ரீம் கோர்ட், சட்டசபைன்னு மேலேயே பேசறீங்க, தாலுகா ஆபீசுல இது எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன்.

கலெக்டர்ங்கற பேரே வரி வசூல் பண்றவர்னுதான் அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்துல அதே ஆள் கையிலதான் குற்றம் விசாரிச்சு தண்டிக்கற அதிகாரமும் இருந்துச்சு. வரி கட்டாதவன் மேல கோவப்பட்டவரே அவனுக்கு நீதியும் சொல்லுவாரு. அதனாலதான் அரசியல் சட்டத்துல 50வது பிரிவுன்னு ஒன்னு வெச்சு, நிர்வாகத்துல இருந்து நீதித்துறையைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்கணும்னு எழுதினாங்க. 1974 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் தனி, எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட் தனின்னு நாடு முழுக்கக் கோடு போட்டாச்சு. தாசில்தாரும் ஆர்டிஓவும் ரெண்டாவது வகை. அமைதி கெடாம பாத்துக்கலாம், தண்டிக்க முடியாது.

நான் வேலை பாத்த ஒரு ஊர்ல மாரியாத்தா நோம்பியில முதல் மரியாதை யாருக்குன்னு ரெண்டு தரப்புக்குத் தகராறு. பூச்சாட்டு முடிஞ்சு கம்பம் நட்டாச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பக்கமும் கூட்டம், நடுவுல நானும் ஒரு இன்ஸ்பெக்டரும். ஆர்டிஓ 144 போட்டாரு, ஆட்டம் நின்னுது. அடுத்த நாள் ரெண்டு தரப்பு பெரியவங்களும் வந்து, "ஐயா, மரியாதை யாருக்குன்னு நீங்களே சொல்லிருங்க, கட்டுப்படறோம்"னு கேட்டாங்க. அது எங்க கையில இல்லை. 144 உத்தரவு சாதாரணமா ரெண்டு மாசத்துக்கு மேல நிக்காது, அது சண்டையை நிறுத்தத்தான், உரிமை யாருக்குன்னு சொல்ல இல்லை. அதுக்கு சிவில் கோர்ட். இப்ப 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டத்துல அந்த 144 பிரிவு 163ன்னு மாறியிருக்கு, உள்ள இருக்கற கணக்கு அதேதான். மனு வாங்கி "உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்"னு எழுதிக் குடுக்கும்போது ஜனங்க நாங்க தட்டிக் கழிக்கறோம்னு நினைப்பாங்க. சிலபேர் அப்படித் தட்டிக் கழிக்கறதும் உண்டு, அதுல எனக்கு வருத்தம். ஆனா அந்த வரியே தப்பு இல்லை.

கொறங்காட்டான், காங்கேயம் பக்கம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா எழுதின கிணத்துக் கதைய எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "தீர்ப்பை மாத்தக்கூடாது, தீர்ப்பு நின்ன சட்டத்தை மாத்தலாம், அவ்வளவுதானே"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. புள்ள அதை நோட்டுல எழுதிக்கிட்டா.

ஓய்வு ஐயா, உங்ககிட்ட ஒன்னு கேக்கோணும். எங்க காட்டுக்குப் போற இட்டேரிய பக்கத்துக் காட்டுக்காரர் ரெண்டு வருசம் முன்னாடி கம்பிவேலி போட்டு மறிச்சுட்டாரு. மாட்டு வண்டி எங்க பாட்டன் காலத்துல இருந்து போன தடமுங்க. தாலுகாவுல மனு குடுத்தா நீங்க சொன்ன அதே வரிய எழுதிக் குடுத்தாங்க. நானும் தட்டிக் கழிக்கறாங்கன்னுதான் இத்தன நாளும் திட்டிட்டு இருந்தேன். எங்க விசயத்துல அது சரியா, தப்பா?

ஓய்வு வருவாய்த்துறை, தாராபுரம்:

ரெண்டுல எதுன்னு ஆவணத்தைப் பாத்தாத்தான் சொல்ல முடியும் தம்பி. எஃப்எம்பி ஸ்கெட்சும் (நில அளவு வரைபடம்) அ-பதிவேடு நகலும் (நிலம் என்ன வகைன்னு இருக்கற கிராமப் பதிவு) எடுங்க. இட்டேரி புறம்போக்குன்னு இருந்தா அது அரசாங்க நிலம், 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்துல தாசில்தாரே நோட்டீஸ் குடுத்து வேலியை எடுக்கணும், கோர்ட்டுக்குப் போன்னு சொன்னது தப்பு. அவரோட பட்டா நிலத்துக்குள்ள போற தடமா இருந்தா, உங்களுக்கு நடை உரிமை இருக்கா இல்லையான்னு தாசில்தார் தீர்ப்பு சொல்ல முடியாது.

கூடுதுறை வக்கீல், பவானி:

ஐயா சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன். பட்டா நிலமா இருந்தாலும் மனசு விட்டுராதீங்க அண்ணா. 20 வருசத்துக்கு மேல தடங்கல் இல்லாம, வெளிப்படையா, உரிமையாப் போய் வந்திருந்தா 1882 சட்டத்துல வழியுரிமை கேக்கலாம், ஆனா வேலி போட்டு ரெண்டு வருசம் ஆகறதுக்குள்ள கேஸ் போட்டாகணும், அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். வேலி போட்ட தேதி என்னன்னு மொதல்ல சரியா சொல்லுங்க.

கொறங்காட்டான், காங்கேயம் பக்கம்:

ரெண்டு வருசம்னு குத்துமதிப்பாச் சொன்னேனுங்க அக்கா. மாசி மாசம், எங்க செவலை கன்னு போட்ட வாரம் அது, அப்பாகிட்ட கேட்டு கணக்குப் பாத்தா இன்னும் ஒன்றரை மாசம் பாக்கி இருக்குது. காலைல மொத வேலையா இ-சேவை மையத்துக்குப் போறேன், ஸ்கெட்ச் கைக்கு வந்தவுடனே போட்டோ எடுத்து இங்க போடறேன்.